மிளகுக்குத் தீ வைத்த பிஷப்

இந்தியாவில் ஒரு மலை. வெயில் விழும் பக்கத்துச் சரிவில் மிளகு மரங்கள். அந்தக் காட்டுக்குப் பாம்புகள் காவல். காய் முற்றியதும் ஊர்க்காரர்கள் காட்டுக்கே தீ வைத்துவிடுகிறார்கள். பாம்புகள் ஓடிப்போகின்றன. இயல்பில் வெள்ளையாக இருக்கும் மிளகு நெருப்பில் வெந்து கறுத்துவிடுகிறது.

இதை எழுதியவர் இசிதோர். ஸ்பெயினில் செவில் நகரத்துக்கு பிஷப்பாக இருந்தவர். 636-இல் இறந்தார். நம் கணக்கில் சொன்னால், காஞ்சிபுரத்தில் மகேந்திரவர்மன் ஆண்டுகொண்டிருந்த நாட்களில் அவர் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மலையின் பெயரையும் சொல்கிறார்: காக்கசஸ். அலெக்சாண்டர் காலத்திலிருந்தே மேற்கத்தியர்கள் இந்துகுஷ், இமயம் வரிசையையெல்லாம் அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள். ஆக, பிஷப் கணக்குப்படி மிளகு விளைவது இமயமலையில்.

நான் சென்னையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் மிளகு, சீரகம், ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்கிறவன். தாத்தா ஆரம்பித்த கடை. வயநாடு சரக்கு, குடகு சரக்கு, கொல்லிமலைச் சரக்கு எல்லாம் கையில் எடுத்தாலே ஓரளவு சொல்லிவிடுவேன். இமயமலைச் சரக்கு என்று எவனும் இதுவரை மூட்டை இறக்கியதில்லை. அதனால் இந்தப் பத்தியை முதலில் படித்தபோது கல்லாவில் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன். கணக்குப்பிள்ளை என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்.

படிக்கக் கொடுத்தவர் ஒரு ஃபாதர். ஓய்வு பெற்றவர், பூந்தமல்லிப் பக்கம் இருக்கிறார். சாமான் வாங்க வந்து பழக்கமானவர். லத்தீன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவன் என்பது தெரிந்ததிலிருந்து வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு தாளை மடித்து எடுத்துவருவார். "தம்பி, உங்க சரக்கைப் பத்தி எங்க ஆளு ஒருத்தர் எழுதியிருக்கார், பாருங்க" என்று கொடுத்ததுதான் அந்த மிளகுப் பத்தி. அதன் பிறகு நானே விடவில்லை. 2006-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட முழு ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். லத்தீன் வேண்டிய இடங்களில் ஃபாதருக்குப் போன்.

நூலின் பெயர் 'எதிமொலோகியே'. சொற்களின் தோற்றம் என்று பொருள். 20 பகுதிகள், 448 அதிகாரங்கள். இலக்கணத்தில் ஆரம்பித்து, கணக்கு, மருத்துவம், சட்டம், இறைவன், தேவதூதர், மொழிகள், மனித உடம்பு, விலங்கு, உலகம், கட்டடம், கல், உலோகம், பயிர், போர், கப்பல், துணிமணி என்று ஊர்ந்து போய், கடைசிப் பகுதியில் சாப்பாட்டுச் சாமான், வீட்டுப் பாத்திரம், குதிரைச் சேணம் வரை வந்து நிற்கிறது. சேந்தன் திவாகரம் என்ற பழைய தமிழ் நிகண்டைப் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு புதிதாக இருக்காது. அங்கேயும் தெய்வப் பெயர்த் தொகுதியில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம், செயற்கை வடிவம் என்று 12 தொகுதிகள். உலகத்தைப் பெயர்களாகப் பிரித்து அடுக்கி வைத்தால் உலகம் கைக்கு அடங்கிவிடும் என்ற நம்பிக்கை இரண்டு பேருக்கும் இருந்திருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். திவாகரர் ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இசிதோர் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று காரணமும் சொல்வார். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்போம். இசிதோர் முதல் பகுதியிலேயே இதே பிரிவைச் சொல்கிறார். எல்லாப் பெயரும் பொருளின் இயல்பைப் பார்த்து வைத்ததில்லை, நம் அடிமைகளுக்கும் நிலபுலன்களுக்கும் நாம் இஷ்டத்துக்குப் பெயர் வைப்பது போலப் பழைய ஆட்களும் இஷ்டத்துக்கு வைத்தது உண்டு, அதனால் எல்லாச் சொல்லுக்கும் மூலம் கிடைக்காது என்கிறார். நன்னூல்காரர் கேட்டால் தலையாட்டியிருப்பார். தொல்காப்பியர் இன்னும் உஷார்ப் பேர்வழி: 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று ஒரே வரியில் எச்சரித்துவிட்டார். இசிதோர் எச்சரிக்கையை எழுதிவைத்துவிட்டு, அடுத்த 19 பகுதிகளுக்கு அதை மறந்துவிடுகிறார்.

எறும்புக்கு லத்தீனில் 'ஃபோர்மிகா'. ஏன்? தானியத் துணுக்கை, அதாவது 'மிகா'வை, சுமந்து போவதால். நரிக்கு 'வுல்பெஸ்'. நேராக ஓடாமல் கால் வளைத்து வளைத்து ஓடுவதால். நண்பனுக்கு 'அமிகுஸ்'. மனசுக்குக் காவலன் என்பதன் சுருக்கமாம். சாவுக்கு 'மோர்ஸ்'. ஆதாம் பழத்தைக் கடித்ததால் வந்த வினை, கடிக்கு லத்தீன் 'மோர்சுஸ்', கணக்கு முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது தோப்புக்கு அவர் தரும் காரணம். 'லூகுஸ்' என்றால் அடர்ந்த தோப்பு. 'லூக்ஸ்' என்றால் வெளிச்சம். உள்ளே வெளிச்சம் இல்லாததால் அந்தப் பெயர் வந்தது என்கிறார்! இருந்தாலும் காரணம், இல்லாவிட்டாலும் காரணம். இது அவர் கண்டுபிடித்ததல்ல, ரோமாபுரி இலக்கணக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த வாய்பாடு. ஆனால் இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியவர் இவர்தான்.

வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வரும் 'உலக மொழிகளில் தமிழ்' வகைச் செய்திகளை அனுப்புகிற என் சித்தப்பாவுக்கு இந்த பிஷப்பை அறிமுகப்படுத்தினால் இரண்டு பேரும் விடிய விடியப் பேசுவார்கள்.

மிளகுக்கு வருகிறேன். பத்தியில் ஒரு இடம் எனக்குப் புரியவே இல்லை. சுருங்கிய, சொரசொரப்பான தோல் உள்ள மிளகு நெருப்பின் சூட்டிலிருந்து "நிறத்தையும் பெயரையும்" பெறுகிறது என்று எழுதியிருக்கிறார். நிறம் சரி, பெயர் எப்படி?

ஃபாதரைக் கூப்பிட்டேன்.

"லத்தீன்ல மிளகுக்கு என்ன பேரு, தம்பி?"

"பிப்பெர்னு நீங்கதான் சொன்னீங்க, ஃபாதர்."

"கிரேக்கத்துல நெருப்புக்கு பூர். பூர், பிப்பெர். புரியுதா?"

புரிந்தது. பெயருக்குள் நெருப்பு இருக்கிறது. அப்படியானால் கதைக்குள்ளும் நெருப்பு இருந்தாக வேண்டும். காட்டுக்குத் தீ வைக்கிற கதை அவர் காதுக்கு வந்தபோது, இது நடக்குமா என்று கேட்க அவருக்குத் தோன்றியிருக்காது. பெயரே சாட்சி சொல்கிறதே! ஒரு சொல்லின் பிறப்பிடத்தைப் பார்த்துவிட்டால் அதன் வலிமை சீக்கிரம் புரிந்துவிடும் என்று அவரே முதல் பகுதியில் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் அந்தக் கொள்கை ஒரு காட்டையே கொளுத்திவிட்டது.

உண்மையில் அந்தப் பெயர் இங்கிருந்து போனது. வடமொழியில் பிப்பலி, கிரேக்கத்தில் பெப்பெரி, லத்தீனில் பிப்பெர். பிப்பலி என்பது நம் திப்பிலி. மிளகு வேறு கொடி, திப்பிலி வேறு கொடி. சாமான் மாறிப் பெயர் ஏறிவிட்டது. இசிதோரும் திப்பிலியை விடவில்லை. முற்றாத மிளகுதான் நீள மிளகு என்று சொல்லி ஒரே மரத்தில் ஏற்றிவிட்டார்.

இவரை வெறும் கோமாளியாக எழுதிவிட்டுப் போவது சுலபம். ஐரோப்பாவிலும் வெகுகாலம் அப்படித்தான் செய்தார்கள். 1912-இல் எர்னஸ்ட் பிரெஹோ என்ற அமெரிக்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவரைப் பற்றி ஒரு ஆய்வேடு எழுதினார். தலைப்பிலேயே 'இருண்ட காலத்துக் கலைக்களஞ்சியக்காரர்' என்று வைத்தார். இருட்டில் உட்கார்ந்து பழைய புத்தகங்களைக் கத்தரித்து ஒட்டியவர் என்ற எண்ணம்தான் பொதுவாக இருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1911-இல், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பேராசிரியராக இருந்த டபிள்யூ. எம். லின்ட்சே இரண்டு தொகுதிகளாக மூலபாடத்தைப் பதிப்பித்தார். சுவடிகளை பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று மூன்று குடும்பமாகப் பிரித்தார். இன்றைக்கும் பலர் கையில் இருப்பது அந்தப் பதிப்புதான். சுவடி ஒப்பிட்டுப் பாடம் பார்க்கிற வேலை என்னவென்று உ.வே.சா. வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அளவு மட்டும் மலைக்க வைக்கிறது. இந்த ஒரு நூலுக்குக் கிட்டத்தட்ட 1000 கையெழுத்துப் பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன.

காற்று மாறியது 1959-இல். ழாக் ஃபொந்தேன் என்ற பிரெஞ்சுக்காரர், இசிதோரையும், விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆண்ட ஸ்பெயினில் மிஞ்சியிருந்த பழைய ரோமக் கல்வியையும் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த ஆள் சொல்வது சரியா தப்பா என்பதைத் தள்ளிவைப்போம், எதை எங்கிருந்து எடுத்தார், எடுக்கும்போது எதை வெட்டினார், எதைச் சேர்த்தார்? வரிக்கு வரி மூலத்தைத் தேடிப் போனால் வெட்டிய இடத்தில் ஆள் தெரிவார் என்பது அவர் வழி.

மிளகையே அந்த வழியில் பார்க்கலாம். இலை ஜூனிப்பர் மாதிரி, காக்கசஸ் சரிவில் வெயில் பக்கம் என்பதெல்லாம் இசிதோருக்கு 500 வருஷம் முந்திய ரோமாபுரி எழுத்தாளர் பிளினியிடம் இருக்கிறது. ஆனால் பிளினி எழுதுவது வேறு மாதிரி. மிளகு பரவலாக விளைகிறது, காக்கசஸின் வெயில் பக்கச் சரிவில் மட்டும்தான் விளையும் என்று *சிலர் சொல்லியிருக்கிறார்கள்*, என்கிறார். இசிதோரிடம் வந்து சேரும்போது அந்தச் 'சிலர்' காணாமல் போய்விட்டார்கள். மலை நின்றுவிட்டது. பிளினி விலையும் எழுதியிருக்கிறார்: திப்பிலி ராத்தல் 15 தினாரி, வெள்ளை மிளகு 7, கறுப்பு 4. இந்தக் காரத்துக்காகவா இந்தியா வரை போகிறார்கள் என்று எரிச்சலும் பட்டிருக்கிறார். விலை, எரிச்சல், சந்தேகம் மூன்றும் இசிதோரிடம் இல்லை. எஞ்சியது சுருக்கமான, உறுதியான, மனப்பாடம் பண்ணத்தக்க ஒரு பத்தி. சிப்பம் கட்டுகிறவன் பார்ப்பது சரக்கு வழியில் சிந்தாமல் போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான். இசிதோர் கட்டியது அந்த மாதிரிச் சிப்பம்.

அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை. இசிதோர் இந்த நூலை உயிரோடு இருக்கும்போது முழுசாக முடித்து வெளியிடவில்லை. ஆரம்பத்தில் சிசெபுத் அரசனுக்குச் சமர்ப்பணம் செய்தார். அந்த அரசன் 621-இல் போய்ச் சேர்ந்தான். சரகோசாவில் பிஷப்பாக இருந்த பிரௌலியோ என்ற சிஷ்யர் கேட்டுக்கேட்டு நச்சரித்திருக்கிறார். கடிதங்கள் கிடைக்கின்றன. ஏழு வருஷமாகக் கேட்கிறேன், ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறீர்கள் என்று ஒரு கடிதத்தில் பொங்கியிருக்கிறார். கடைசியில் இசிதோர், உடம்பு முடியவில்லை, திருத்தவில்லை, நீயே திருத்திக்கொள் என்று அனுப்பிவைத்தார். பகுதிகளாகப் பிரித்தவர் பிரௌலியோதான். ஆசிரியரிடமிருந்து கையெழுத்துப் பிரதி பிடுங்குவது எல்லா நூற்றாண்டிலும் ஒரே பாடுதான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அது ஓடிய வேகம் ஆச்சரியம். அதே ஏழாம் நூற்றாண்டிலேயே ஐரிஷ் எழுத்தில் நகலெடுத்த சில துண்டுகள் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்தில் இன்றும் இருக்கின்றன. இந்தப் பரவலை ஊர் ஊராகத் தடம்பிடித்து 1961-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார் பெர்ன்ஹார்ட் பிஷோஃப். சுவடி எழுத்தைப் பார்த்தே எந்த மடம், எந்தக் காலம் என்று சொல்லக்கூடிய ஜெர்மானியர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஹ்ரபானுஸ் மௌருஸ் என்ற ஜெர்மன் துறவி இசிதோரின் பெரும்பகுதியை அப்படியே தூக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆன்மிகப் பொருள் சேர்த்து இன்னொரு கலைக்களஞ்சியம் செய்தார். 13-ஆம் நூற்றாண்டில் பார்த்தலோமேயுஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி தன் களஞ்சியத்தில் இசிதோரைப் பெயர் சொல்லி எடுத்தாண்டார். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரைச் சொர்க்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார்.

மிளகுப் பாம்பும் கூடவே போனது. 12-ஆம் நூற்றாண்டில் 'பிரெஸ்டர் ஜான்' என்ற கற்பனை இந்திய ராஜா எழுதியதாக ஐரோப்பா முழுக்கச் சுற்றிய ஒரு போலிக் கடிதம் உண்டு. அதில் மிளகுக் காடு இருக்கிறது, பாம்பு இருக்கிறது, தீயும் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் மண்டெவில் என்ற பெயரில் வந்த பயண நூல் கொஞ்சம் யோசிக்கிறது: தீ வைத்தால் மிளகும் சேர்ந்து கருகிவிடுமே! சரியான கேள்வி. உடனே எலுமிச்சைச் சாறு மாதிரி எதையோ கை காலில் பூசிக்கொண்டால் பாம்பு கிட்ட வராது என்று ஒரு வைத்தியமும் சொல்லிவிட்டு நகர்கிறது. பாம்பை விட மனசில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ஜோர்தானுஸ் என்ற டொமினிக்கன் துறவி. அவர் நேரில் பார்த்தவர். 1320-களில் மேற்குக் கரையில் அலைந்தார், 1329-இல் நம் கொல்லத்துக்கே பிஷப்பாக நியமிக்கப்பட்டார். மிளகு, மரத்தில் படரும் கொடி, காட்டுத் திராட்சை மாதிரிக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், முதலில் பச்சை, பிறகு கறுத்துச் சுருங்கும் என்று எழுதிவிட்டு, அடியில் தீ மூட்டுகிறார்கள், வறுக்கிறார்கள் என்றெல்லாம் சிலர் பொய் சொல்வதை நம்பாதீர்கள் என்று முடிக்கிறார். இசிதோர் பெயரைச் சொல்லவில்லை. அந்த மரியாதை இருந்திருக்கும்.

நான் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மூங்கில் ஏணியில் நின்று கொத்துப் பறித்துக்கொண்டிருந்தவர் இறங்காமலேயே கேட்டார்.

"பாம்பா? பாம்பு எங்கதான் இல்லீங்க? மழைக்காலத்துல அட்டை வந்து ஏறுதே, அதப் பத்தி உங்க சாமியார் ஒண்ணும் எழுதலையா?"

எழுதவில்லை. பச்சைக் கொத்து பாயில் விரித்த சில நாட்களில் வெயிலிலேயே கறுத்துச் சுருங்கிவிடும். வெள்ளை மிளகு வேண்டுமென்றால் பழுத்த காயைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரிப்பார்கள். மிளகு இயல்பில் வெள்ளை என்று இசிதோர் சொன்னது பாதி உண்மை. தோலை நீக்கினால் உள்ளே வெள்ளைதான்.

இத்தனைக்கும் பிறகு அதே பத்தியின் கடைசி வரிகளில் ஒரு விஷயம் வருகிறது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேசாக இருந்தால் பழைய மிளகு, கனமாக இருந்தால் புதுசு என்கிறார். அடுத்து: வியாபாரிகளின் மோசடியைக் கவனியுங்கள், ரொம்பப் பழைய மிளகை நனைத்து, எடை ஏறுவதற்காக 'வெள்ளி நுரை'யையோ ஈயத்தையோ தூவிவிடுவார்கள்.

வெள்ளி நுரை என்றால் என்ன என்று ஃபாதர் விளக்கினார். வெள்ளியைப் புடம் போட்டு ஈயத்திலிருந்து பிரிக்கும்போது மேலே கட்டும் ஏடு. ஈய ஆக்சைடு. சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் மிருதாரசிங்கி என்று கேட்டால் கொடுக்கும் அதே சாமான். தொட்டால் கனக்கும். விஷம்.

காக்கசஸ் மலையையும் பாம்பையும் எழுதிய அதே கை இதையும் எழுதியிருக்கிறது. மிளகுக் கொடியைப் பார்க்காத ஊரில் மிளகு விற்பவனின் புத்தியை அறிந்துவைத்திருக்கிறார்கள். சரக்கு எவ்வளவு தூரம் போனாலும் திருட்டு கூடவே போகும். எங்கள் கடையில் மூட்டை இறங்கியதும் குத்தூசி போட்டு மேல், நடு, அடி என்று மாதிரி எடுப்போம். உள்ளங்கையில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய சரக்கைப் பளபளப்பாக்க மினரல் ஆயில் தடவுகிறவர்கள் உண்டு. கிளாஸ் தண்ணீரில் ஒரு பிடி போட்டால் நல்லது அடியில் நிற்கும், பொக்கு மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். கடைசியில் லிட்டர் அளவையில் தளரக் கொட்டி, தலை தட்டி, தராசில் வைப்போம். 550 கிராம் நின்றால் பேசலாம். 500-க்குக் கீழே வந்தால் லாரிக்காரரிடம் தேநீர் கொடுத்து மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார் அப்பா. எடை குறைந்தால் பழசு என்று இசிதோர் சொன்னது எங்கள் தராசில் இன்றைக்கும் வேலை செய்கிறது.

அவர் நாட்டுக்கும் மிளகுக்கும் இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகளின் முன்னோர்தான் 408-இல் அலாரிக் தலைமையில் ரோமாபுரியை முற்றுகை போட்டவர்கள். விலகிப்போகக் கேட்ட பணயத்தில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3000 ராத்தல் மிளகும் இருந்தது. முசிறியில் யவனர் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு பாடிய அதே சரக்கு. கோத்துகளின் வரலாற்றையும் இசிதோர் தனியாக எழுதியிருக்கிறார்.

இசிதோரைக் கும்பிட வேண்டியதில்லை. யூதர்களுக்கு எதிராக ஒரு முழு நூல் எழுதியவர் அவர். அந்த ராஜ்ஜியம் யூதர்களைப் படுத்திய பாட்டில் சபைக்கும் பங்குண்டு. இதை ஃபாதரும் மறைக்கவில்லை. இவர் சுருக்கத்தை வைத்துக்கொண்டு மூலநூல்களை நகலெடுக்காமல் விட்டுவிட்டார்கள், அதனால்தான் பல அழிந்தன என்று ஒரு பழியும் இவர்மேல் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. புத்தகம் அழிவதற்கு ஈரமும் எலியும் அக்கறையின்மையும் போதும், பிஷப் தேவையில்லை. இணையத்துக்குப் பாதுகாவலர் இவர்தான் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. 'சிலர் சொல்கிறார்கள்' என்பதை வெட்டிவிட்டு மீதியைப் பரப்புகிற வேலைக்கு வேறு யாரைப் போடுவது?

ஆனால் அவருடைய நூலகத்துக்கென்று எழுதிய சிறு கவிதைகள் இருக்கின்றன, ஒவ்வொரு புத்தக அலமாரிக்கும் ஒன்று. அகஸ்தீனுடைய அலமாரிக்கு: உன்னை முழுவதும் படித்துவிட்டேன் என்கிறவன் பொய்யன். வளவளவென்று பேசுகிறவருக்கு: எழுதுகிறவன் தன் எதிரே பேசுவதைப் பொறுக்கமாட்டான், வாயாடி, உனக்கு இங்கே வேலையில்லை, வெளியே போ. இதை எழுதியவரோடு எனக்குச் சண்டை போட முடியவில்லை. அந்த இரண்டாவதைத் தமிழில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டலாம் என்று சொன்னேன். "வியாபாரம் படுத்துரும்டா" என்றார் அப்பா.

இதே மாதிரி ஒரு ஆள் நம் ஊரிலும் இருந்தார். பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், கிடைத்த புராணம், சரித்திரம், வைத்தியம், சாதி, செடி எல்லாவற்றையும் தனி ஒருவராகத் திரட்டி அகரவரிசையில் அடுக்கினார். பாண்டித்துரைத் தேவர் ஆதரவில் 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது, அபிதான சிந்தாமணி. அதில் எத்தனையோ தகவலை இன்று நம்ப முடியாது. ஆனால் முதலியாரின் வரிகளை எடுத்துக்கொண்டு, இது எந்தப் புராணத்திலிருந்து வந்தது, எந்த ஏட்டில் இந்த வாசகம், வழியில் எது விழுந்தது என்று பக்கம் பக்கமாகத் துருவி ஒரு பதிப்பு செய்தால் எப்படியிருக்கும்! பாரிஸில் இசிதோருக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். 1981-இலிருந்து ஒரு பகுதிக்கு ஒரு தொகுதி, ஒருவர் பொறுப்பு, மூலம், மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்பில் ஊற்றுக்கண். அவசரமே இல்லாமல் வருகிறது.

அந்த வரிசையில் 1981-இல் வந்தது 17-ஆம் பகுதி. பயிர்த்தொழில் பற்றியது, மிளகு இருக்கிற பகுதி, பதிப்பாசிரியர் ழாக் ஆந்த்ரே. அதை அடிக்குறிப்புகளோடு ஃபாதர் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்க வேண்டும் என்று ஆசை. அவருக்கு பிரெஞ்சும் வரும். கன்னிமாரா நூலகத்தில் கேட்டேன், அட்டவணையில் இல்லை என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை ஏலக்காய் விலை. சென்னையிலோ புதுச்சேரியிலோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொண்டு, அட்டை போட்டு, அழுக்குப் படாமல் திருப்பித் தந்துவிடுவேன். வாடகை அரைக் கிலோ வயநாட்டு மிளகு.